தோற்ற குழுவின் பக்கம்



சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு எழுந்தது. வாதி என் மகன், வயது பத்து. சந்தோஷ் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் வென்ற மாநிலங்களின் பட்டியலைப் படித்து முடித்தவன், "அப்பா, வங்காளம் 33 முறை வென்றிருக்கிறது. கர்நாடகம், பழைய மைசூரையும் சேர்த்து, ஐந்தே முறை. தமிழ்நாடு ஒருமுறைகூட இல்லை. இனி நான் வங்காளத்தின் பக்கம்" என்று அறிவித்துவிட்டான்.

தீர்ப்புக் கூற வேண்டிய நான் திகைத்துப் போனேன். பிள்ளையின் கணக்கில் பிழையில்லை. 1941-இல் தொடங்கி 2024-25 வரை நடந்த போட்டிகளின் முடிவு அதுவே.

மாதேஸ்வரன் மலையைச் சார்ந்து வாழும் நமக்கு இரு புறமும் உறவுண்டு. மலை அமைந்திருந்த கொள்ளேகாலம் தாலுகா 1956 வரையில் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மைசூரோடு இணைந்தது. எல்லைதான் நகர்ந்தது, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மாதேஸ்வரனைத் தொழ வரும் கூட்டம் நிற்கவில்லை. ஆகவே, "நாம் எந்தப் பக்கம்?" என்னும் கேள்வி நம் வீடுகளில் புதிதன்று.

என் தந்தையார் மைசூர்க் குழுவின் பக்தர். 1946-47, 1952-53 ஆண்டுகளின் வெற்றிகளைப் பெரியோர் கூறக் கேட்டிருந்தார். அவர் சிறுவராயிருந்தபோது 1967-68, 1968-69 ஆகிய இரு பருவங்களிலும் மைசூர் தொடர்ந்து கோப்பையை வென்றது. எனவே, வெற்றி என்பது வயலில் விளையும் நெல்லைப்போல் ஆண்டுதோறும் வீடு வந்து சேரும் என்று நம்பிவிட்டார்.

பின்னர் வந்தது வறட்சி. 1973-இல் மாநிலத்தின் பெயர் மாறிற்று; குழுவின் தலையெழுத்து மாறவில்லை. தோல்விச் செய்தியைப் படித்ததும் செய்தித்தாளை மடித்து வைத்து, "இனி இவர்கள் பெயரையே எடுக்கமாட்டேன்" என்று சபதம் செய்வார். அச்சபதத்தின் ஆயுள் அடுத்த ஆட்டம் வரையில்தான். "போகட்டும்டா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. முன்னாளில் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்க்கு வேலை கொடுத்துக் குழுக்களை வளர்த்தன. நான் எழுத்தராகப் பணிபுரியும் இரயில்வேயும் அவ்வாறே செய்தது. இரயில்வேக் குழு 1961-62, 1964-65, 1966-67 என மூன்று முறை இக்கோப்பையை வென்றது. காலில் பந்தும் கையில் சம்பளமும் இருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் துணிந்து ஆடுவான். வேலை சுருங்கினால் ஆட்டமும் சுருங்காமல் என்ன செய்யும்?

2023 மார்ச் 4 அன்று சௌதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் மேகாலயத்தை 3-2 என வென்றது. 54 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை வீடு திரும்பிற்று. கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த நான், ஆட்டம் முடிந்த சீட்டி ஒலித்ததும், "அப்பா!" என்று கூவித் திரும்பினேன். நாற்காலி இருந்தது, அவர் இல்லை. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதையெல்லாம் மகனிடம் கூறினேன். இன்னொன்றும் கூறினேன். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் அடித்தது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. 2-1 எனத் தோற்றோம். நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அக்குழுவை இன்று எவரேனும் இகழ்வதுண்டா?

"வங்காளத்தை மெச்சு, தடையில்லை. நன்றாக ஆடுபவரை மெச்சுவது பண்பு. ஆனால் பக்கம் நிற்பது வேறு. பிழைக்க வந்த ஊரையும் பிறந்த ஊரையும் பட்டியல் பார்த்தா நேசிக்கிறோம்?" என்றேன்.

அவன் சற்றுச் சிந்தித்தான். "அப்படியானால் தமிழ்நாட்டுக்கும் சேர்த்தே காத்திருக்க வேண்டுமா, அப்பா?"

"ஆம்."

"எத்தனை வருஷம்?"

"அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்டா" என்றேன். சொன்ன பிறகே அது யாருடைய சொல் என்பது நினைவுக்கு வந்தது.

வழக்கு அடுத்த பருவத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.