இடம் கொடுத்தால்...

படகைப் பற்றி நாவலாசிரியனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். காசிமேட்டில் ஒரு மாலை முழுவதும் நின்று, ஒரு மர விசைப்படகின் வயிற்றை அறுப்பதை நான் பார்த்தேன். பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது என் சுபாவமில்லை.

அந்தப் படகு 120 குதிரைத்திறன் எஞ்சினுக்காகக் கட்டப்பட்டது. அதை எடுத்துவிட்டு 200 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த ஏற்பாடு நடந்தது. புதியது அகலம் அதிகம்; அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியோ ஆழம் அதிகம். பழைய 'பெட்'டில் உட்கார மாட்டேன் என்றது. ஆகவே பெட்டைச் செதுக்கினார்கள். போல்ட் துளைகள் ஒத்து வராத இடத்தில் இரும்புப் பட்டையை வெல்டிங் செய்து ஒட்டினார்கள்.

"நாலு போல்ட்டுச் சமாசாரம் சார்!" என்று சிரித்தார் படகுக்காரர்.

நாலு போல்ட்டா! எஞ்சின் பெட் என்பது படகின் அடியில் நெடுக ஓடும் இரண்டு கனத்த மரங்கள். அவை தாங்குவது எஞ்சினின் எடையை மட்டுமா? புரொப்பல்லர் நீரைத் தள்ளும்போது எழும் விசை முழுவதும் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து, அந்த மரங்களின் மூலமாகவே படகெங்கும் பரவுகிறது. அதைச் செதுக்குவது, நுகத்தடியைச் சீவிவிட்டுப் பெரிய மாடாகப் பார்த்துப் பூட்டுவது போன்ற புத்திசாலித்தனம். பிறகு ஷாஃப்டும் கப்ளிங்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் புஷ் தேயும், நீர் கசியும், போல்ட் தளரும். கரையில் சரியாக நின்ற கோடு, படகு மிதக்கத் தொடங்கியதும் மாறிவிடும். தண்ணீரில் இறக்கியபின் மறுபடி பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

இத்தனையும் எதற்காக? வேகத்துக்காகவா? நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை கட்டுகிறது. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகு சுமார் 8 கடல் மைல் வேகத்தை எட்டியதும், தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று திணறுகிறது. 120-ஐ 200 ஆக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதே துர்லபம். டீசலோ, முழுப் பளுவில் மணிக்குச் சுமார் 24 லிட்டர் குடித்தது 40 லிட்டர் குடிக்கும்.

இதைச் சொன்னேன். படகுக்காரர் கோபிக்கவில்லை. "வேகத்துக்கு யார் சார் போட்டாங்க? பெரிய மடி இழுக்கத்தான். பக்கத்துப் படகு போட்டுட்டான். நான் போடலேன்னா கடனை எப்படி அடைக்கிறது?" என்றார்.

உண்மை வெளியே வந்துவிட்டது. பக்கத்துப் படகும் இதே காரணத்தைத்தான் சொல்லும். எல்லோரும் பெரிய மடி இழுத்தால் கடலில் மீன் பெருகிவிடுமா? பெருகுவது கடன்தான். நாட்டுப்படகில் போகிறவனுக்கோ கடனோடு வெறுங்கூடையும் சேர்த்துக் கிடைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின்களைத் தடுக்கின்றன. ஆனால் உச்சவரம்பு வேறு, பொருத்தம் வேறு. "240-க்குள்தானே இருக்கிறேன்!" என்று சட்டத்திடம் சொல்லலாம். நடுக்கடலில் கிழிந்த பெட்டிடம் அதைச் சொன்னால் அது கேட்குமா?

நான் யந்திரத்துக்கு விரோதி அல்லன். 1950-களில் இந்திய–நார்வே திட்டத்தின்கீழ், கேரளத்து நீண்டகரையில் எஞ்சினுக்கென்றே படகுகளை வடிவமைத்துக் கட்டினார்கள். அது கௌரவமான முறை. பெரிய எஞ்சின் வேண்டுமானால், விதிக்கு உட்பட்டு, அதற்கேற்ற படகைக் கட்டுங்கள். ஏழெட்டுப் பேர் உயிரைச் சுமக்கும் மரத்தை உளியால் பேரம் பேசாதீர்கள். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட அன்று மாலை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள். எஞ்சினுக்கு இடம் வெட்டிக் கொடுத்தவர்களிடமிருந்து அது பிடுங்கப்போவது படகையே.