தீம் பார்க் ஆண்டு பாஸ்: மூணு தடவை போனா போட்ட காசு வந்துடுமா?

‘மூணு தடவை போனாலே போட்ட காசு வந்துடும். நாலாவது தடவையிலிருந்து எல்லாமே ஃப்ரீ.’ தீம் பார்க் ஆண்டு பாஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது கொஞ்சம் சூடானது. ஈ.சி.ஆரில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் பல வருடங்களாக இருக்கின்றன. பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது. குடும்பத்தோடு ஒரு நாள் போய்வந்தாலே ஐந்தாயிரம், ஆறாயிரம் காலி. அப்படியிருக்க, ‘ஒரே தடவை கட்டுங்க, வருஷம் முழுக்க வாங்க’ என்று எந்தப் பூங்காவாவது பாஸ் நீட்டினால் கை தானாக ஜி-பே பக்கம் போகத்தான் செய்யும்.

போவதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடலாம். பாஸ் விலை பூங்காவுக்குப் பூங்கா, சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால், கீழே வருவது ஒரு உதாரணம் மட்டுமே.

‘காசு வந்துடும்’ கணக்கு எங்கே தப்புகிறது?

ஒரு நாள் டிக்கெட் 1,500 ரூபாய், ஆண்டு பாஸ் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,500-ஐ 1,500-ஆல் வகுத்தால் 3. ஆக மூன்று முறை போனால் சரிக்குச் சரி. இதுதான் விற்பனைக் கணக்கு.

இதில் இரண்டு விஷயங்கள் காணாமல் போயிருக்கின்றன. முதலாவது, டிக்கெட் தவிர்த்த செலவு. பெட்ரோல் அல்லது கேப், டோல், பார்க்கிங், லாக்கர், சாப்பாடு. பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. வீட்டில் கட்டிய புளிசாதம் கேட்டோடு நின்றுவிடும். தண்ணீர் விளையாட்டுக்கு காட்டன் டிரஸ் கூடாது என்பார்கள். நைலான் கொண்டுவரவில்லை என்றால் உள்ளேயே ஒன்று வாங்க வேண்டியதுதான். இதெல்லாம் சேர்ந்து தலைக்கு 1,000 ரூபாய் என்று குறைவாகவே வைப்போம். பாஸ் கையில் இருந்தாலும் இந்தச் செலவு ஒவ்வொரு முறையும் உண்டு. நாலாவது தடவை ‘ஃப்ரீ’ இல்லை, ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். பாஸ் இல்லாவிட்டால் நீங்கள் வருடத்துக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? நம்மில் பலருக்கு உண்மையான பதில் ஒன்று. தாராளமாகச் சொன்னால் இரண்டு.

ஒரு முறை என்றே வைத்துக்கொள்வோம். பாஸ் இல்லாமல் அந்த வருடச் செலவு தலைக்கு 2,500 ரூபாய். பாஸ் வாங்கி மூன்று முறை போனால் 4,500 கூட்டல் 3,000, மொத்தம் 7,500 ரூபாய். கூடுதலாகச் செலவழித்தது 5,000. அதற்குக் கிடைத்தது கூடுதலாக இரண்டு நாட்கள். ஆக ஒரு நாளைக்கு 2,500. அதாவது முழு டிக்கெட் எடுத்துப் போனால் என்ன ஆகுமோ அதே விலை! ‘காசு வந்துடுச்சு’ என்று நாம் கொண்டாடும் மூன்றாவது விசிட்டில் நமக்குக் கிடைத்த தள்ளுபடி பூஜ்யம். சேமித்ததாக நினைக்கிறோம், நடந்தது 5,000 ரூபாய் அதிகச் செலவு.

ஆறு முறை போனால்? மொத்தம் 10,500. கூடுதலாகக் கிடைத்த ஐந்து நாட்களுக்கு 8,000, அதாவது நாளுக்கு 1,600. இது உண்மையிலேயே நல்ல விலை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரே பூங்காவுக்குப் போக வேண்டும். ஆறாவது முறை அதே ரோலர் கோஸ்டருக்கு 1,600 ரூபாய் கொடுக்க மனசு வருமா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. முதல் தடவை வயிற்றைக் கலக்கிய அதே வளைவு, நாலாவது தடவை ‘இதோ இப்போ திரும்பும்’ என்று தெரிந்தே வரும்.

இன்னொரு சின்னத் தந்திரமும் உண்டு. கணக்குப் போடும்போது நாம் எடுத்துக்கொள்வது போர்டில் உள்ள உச்ச விலையை. ஆனால் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால், வார நாளில் போனால், குழுவாகப் போனால் விலை குறைவது இந்தியப் பூங்காக்களில் சர்வசாதாரணம். வார நாளில் மட்டும் செல்லும் பாஸை, வார இறுதி டிக்கெட் விலையோடு ஒப்பிடுவது தப்பு. தள்ளுபடி போக உங்களுக்கு நிஜத்தில் ஆகும் விலை 1,200 என்றால், அந்த விற்பனைக் கணக்கே மூன்றில் நிற்காது, நாலுக்குப் போய்விடும். விளம்பர விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2017-ல் 28 சதவீதமாக இருந்த வரி, 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைந்தது.

பாஸ் ஒருத்தருக்கு, பயணம் நாலு பேருக்கு

எக்செல் ஷீட்டில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. ஜிம்முக்குத் தனியாகப் போகலாம். சினிமாவுக்கும் போகலாம். தீம் பார்க்குக்குத் தனியாகப் போகிறவர் எத்தனை பேர்?

பாஸ் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் நீங்கள் எப்போது போவீர்கள் என்பதை உங்கள் குழுவில் யாருக்கு நேரமே இல்லையோ அவர்தான் முடிவு செய்வார். வாட்ஸ்அப் குரூப்பில் ‘இந்த சனிக்கிழமை போலாமா?’ என்று போட்டுப் பாருங்கள். ஒருத்தருக்கு ரிலீஸ், ஒருத்தருக்கு ஊரில் வளைகாப்பு, ஒருத்தர் ப்ளூ டிக்கோடு சரி. நாலு நண்பர்கள் சேர்ந்து பாஸ் எடுத்தால் நாலு பேரின் காலண்டரும் ஒன்று சேர வேண்டும். நீங்கள் மட்டும் எடுத்தால், மற்ற மூவரும் ஒவ்வொரு முறையும் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். ‘உனக்கென்னடா, பாஸ் இருக்கு’ என்ற வசனம் எப்படியும் வரும்.

குடும்பம் என்றால் இது இன்னும் சிக்கல். நாலு பேருக்கு 4,500 வீதம் 18,000 ரூபாய். அப்பாவுக்கு முட்டி வலி, அவர் முதல் தடவை வந்ததே பேரப்பிள்ளைக்காக. அம்மாவுக்கு ரைடு எதிலும் ஏற விருப்பமில்லை, பைகளைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் சேர்த்து பாஸ் எடுப்பதில் என்ன அர்த்தம்? எடுக்காமல் விட்டால் ‘எனக்கு மட்டும் இல்லையா’ என்ற பேச்சு. குழந்தைகளுக்கு உயரக் கணக்கு வேறு. வொண்டர்லா போன்ற பூங்காக்களில் குழந்தை டிக்கெட் என்பதே வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. பெரிய ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. அந்தக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும் பிள்ளைக்கு இந்த வருடம் பாஸ் எடுத்தால் பாதி ரைடுகளை வேடிக்கைதான் பார்க்கும். அடுத்த வருடம் எடுத்தால் அதே காசுக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

சரி, வருடத்துக்கு 365 நாள் என்கிறார்களே? சென்னைக் கணக்குக்கு வாங்க. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் விளையாட்டு மட்டும்தான் தாங்கும், அதுவும் கோடை விடுமுறைக் கூட்டத்தில். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மின்னல் அடித்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். பிப்ரவரி, மார்ச் பள்ளிப் பரீட்சை. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவோம். மிச்சமிருக்கும் சனி, ஞாயிறுகளை எண்ணினால் அந்த 365-ல் ஒரு சிறு பகுதிதான். அக்டோபரில் பாஸ் எடுப்பவர் முதல் மூன்று மாதத்தில் பெரும்பகுதியை மழைக்கே எழுதிவைக்கிறார்.

அப்படியென்றால் பூங்கா எதற்கு விற்கிறது?

ஏமாற்றுவதற்காக என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இதில் நியாயமான வியாபாரக் காரணம் இருக்கிறது. ரைடு ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கும் பூங்காவுக்குள் பாஸ்காரர் வந்தால் கூடுதல் செலவு சொற்பம். ஆனால் அவர் உள்ளே சாப்பிடுவார், கூடவே டிக்கெட் எடுத்த இரண்டு பேரைக் கூட்டிவருவார். முக்கியமாக, வருடக் காசு முன்கூட்டியே கைக்கு வந்துவிடும்.

உள்ளே வர ஒரு விலை, உள்ளே போனபின் தனித்தனி விலை என்ற இந்த யோசனை பழையது. 1955-ல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டில் ரைடுகளுக்குத் தனித்தனி கூப்பன்கள் அடங்கிய டிக்கெட் புத்தகம் விற்றார்கள். 1982-ல்தான் அது போய், ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று ஆனது. இடையில் 1971-ல் வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர், நுழைவுக்கு எவ்வளவு, ரைடுக்கு எவ்வளவு என்ற டிஸ்னிலேண்ட் புதிரை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றும் பொருளாதார வகுப்புகளில் அதைப் படிக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பலவீனத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரின் ஆய்வு அமெரிக்க ஜிம் உறுப்பினர்களைப் பற்றியது. மாதக் கட்டணம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள், போன நாட்களைக் கணக்கிட்டால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதே ஜிம்மில் 10 முறைக்கான பாஸ் எடுத்திருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். ‘இனிமே ஒழுங்கா போவேன்’ என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலைதான் மீதி.

இன்னொன்று 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் வெளியிட்டது. ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ‘காசு போட்டாச்சு, போயே ஆகணும்’ என்கிற வேகம் வருடம் முழுக்கத் தாங்காது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த வேகம் இருக்கும்வரை மட்டும் என்ன லாபம்? நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, பாஸுக்காக ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் போகும்.

சிறிய எழுத்துகளில் என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்டில் டிஸ்னிலேண்ட் ‘மேஜிக் கீ’ என்ற பெயரில் புதிய பாஸ்களைக் கொண்டுவந்தது. 399 டாலர் முதல் 1,399 டாலர் வரை நான்கு வகை. உச்ச விலை ‘ட்ரீம் கீ’க்குத் தடை நாட்களே இல்லை என்பதுதான் விளம்பரம். ஆனால் எல்லாருக்கும் முன்பதிவு கட்டாயம். பாஸ்காரர்களுக்கான முன்பதிவு தீர்ந்துவிட்ட நாட்களில், ஒரு நாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது என்று ஒரு பாஸ்தாரர் வழக்குப் போட்டார். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரீம் கீ வாடிக்கையாளர்களுக்காக 95 லட்சம் டாலர் தர டிஸ்னி 2023-ல் ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது, தவறை ஒப்புக்கொள்ளாமல்.

எனவே ‘அன்லிமிடெட்’ என்ற வார்த்தையைப் பார்த்தால் அடுத்த வரியையும் படியுங்கள். எந்த நாட்களில் அனுமதி இல்லை? முன்பதிவு வேண்டுமா, பாஸ்காரர்களுக்கு எத்தனை இடம்? வருடம் என்பது வாங்கிய நாளிலிருந்தா, முதல் விசிட்டிலிருந்தா, மார்ச் 31 வரையா? பூங்கா மூடினால்? 2020 மார்ச்சில் மூடிய டிஸ்னிலேண்ட் திறந்தது 2021 ஏப்ரல் கடைசியில். தாம்பரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கிஷ்கிந்தாவைச் சொன்னால் போதும். 2016-ல் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் விபத்துக்குள்ளாகி ஒரு ஊழியர் இறந்தார், பூங்கா மூடப்பட்டது. பாஸ் என்பது ஒருவகையில் நாம் பூங்காவுக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்.

யாருக்கு லாபம்?

கேளம்பாக்கம், நாவலூர், திருப்போரூர் பக்கம் குடியிருந்து, பெரிய ரைடுகளுக்கான உயரத்தைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு லாபம். போக்குவரத்துச் செலவு குறைவு, முழு நாள் வேண்டாம், மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அதேபோல செவ்வாய், புதனில் வார விடுப்பு வரும் சப்போர்ட் டீம், மருத்துவமனை, ஹோட்டல் ஊழியர்கள். வார நாள் பாஸ் விலை குறைவாக இருந்தால், கியூவே இல்லாத பூங்கா இவர்களுக்கே. அண்ணா நகரிலோ ஆவடியிலோ இருந்துகொண்டு சனி, ஞாயிறு மட்டும் லீவு உள்ளவருக்கு என் பதில்: வேண்டாம். அந்த 4,500-ல் ஒரு முறை வொண்டர்லா, இன்னொரு முறை மகாபலிபுரமும் முட்டுக்காடு படகும் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இரண்டும் கெட்டானாக இருக்கிறீர்களா? முதலில் ஒரு நாள் டிக்கெட்டில் போங்கள். அன்றைய டிக்கெட் காசைக் கழித்துக்கொண்டு பாஸாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். அமெரிக்கப் பூங்காக்களில் இது வழக்கம். வெளியே வரும்போது, கூட வந்தவர்களை வைத்துக்கொண்டே போன் காலண்டரில் அடுத்த நான்கு தேதிகளைக் குறித்துப் பாருங்கள். இரண்டாவது தேதியிலேயே பேச்சு இழுத்தால், பாஸ் கவுண்டரைத் தாண்டி நேராக பார்க்கிங்குக்கு நடையைக் கட்டலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், தானாகப் புதுப்பிக்கும் ஆப்ஷன் ‘டிக்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ரத்து செய்யவே முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது இரண்டும் 2023 நவம்பரில் மத்திய அரசு தடைசெய்த 13 ‘டார்க் பேட்டர்ன்’களில் வருகின்றன. வாங்கிய அன்று காட்டிய விதிகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.