மின்சார வண்டியும் எலுமிச்சம்பழமும்

சிதம்பரம் கீழவீதியில் புதிதாய் மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் முதல் காரியமாய் அதைக் கோபுர வாசலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அவ்வண்டியை ஓட்டுவது பாட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல் என்பதையும், அச்செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. பாமர ஜனங்களை நாம் குறைகூற வரவில்லை. படித்தவர்களும் சர்க்காரும் செய்கிற காரியம் அந்த எலுமிச்சம்பழத்தைவிட எவ்விதத்தில் மேலானது என்பதே நமது கேள்வி.

2015-ம் வருஷம் பம்பாயில் கூடிய இந்திய சயன்ஸ் காங்கிரசில் வேதகாலத்து ஆகாய விமானத்தைப் பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். 2019-ல் ஜலந்தரில் கூடிய அதே மகாநாட்டில், ராவணனிடம் 24 வகை விமானங்கள் இருந்தன என்று ஒரு சர்வகலாசாலைத் துணைவேந்தரே பேசினார். அதே 2019-ல்தான் மத்திய சர்க்கார் மின்சார வண்டிகளுக்கு 10,000 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கிற்று. பலன் என்ன? சில கம்பெனிகள் அன்னிய நாட்டு உறுப்புகளைப் பூட்டி, உள்நாட்டுச் சரக்கென்று காட்டி மானியம் வாங்கிவிட்டன என்று 2023-ல் சர்க்காரே பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தது. 2021-ல் செல் உற்பத்திக்கென்று 18,100 கோடி ஒதுக்கினார்கள். குறித்த தவணைக்குள் எழும்பியதோ சிறு பகுதிதான். 2025 ஏப்ரலில் மோட்டாருக்கு வேண்டிய காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தவுடன், நம் வண்டி முதலாளிகள் உற்பத்தி நின்றுவிடுமே என்று டெல்லிக்கு ஓடினார்கள். ராவணனுடைய 24 விமானங்களில் ஒன்றிலிருந்தாவது ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொள்ளக் கூடாதா?

அக்காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. பாட்டரி ஆராய்ச்சிக்கும் இடமில்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் காரைக்குடியில் மின்ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரமிடச் செய்தார். (கும்பாபிஷேகத்துக்குக் கொட்டும் தனவந்தர்கள் இதைக் கவனிப்பார்களாக.) நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே 1953-ல்தான் ஆச்சாரியார் மந்திரிசபை, பிள்ளைகள் பாதிநேரம் பள்ளியிலும் மீதிநேரம் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது! ஆராய்ச்சிசாலை யாருக்கு, குலத்தொழில் யாருக்கு என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ? 1954-ல் அத்திட்டம் ஒழிந்ததால்தான் நம் பிள்ளைகள் இஞ்சினீயரிங் வகுப்பை எட்டிப் பார்த்தார்கள்.

சீனாவில் 1995-ல் வெறும் பாட்டரி செய்ய ஆரம்பித்த பி.ஒய்.டி. கம்பெனி 2003-ல் கார்த் தொழிலில் இறங்கி, இன்று உலகமெங்கும் விற்கிறது. செல்லைச் செய்யக் கற்றான், பிறகு வண்டிக்குப் போனான். நாமோ வண்டியின் கூட்டை முடுக்கிவிட்டு, தேசிய சாமர்த்தியம் என்று தமுக்கடிக்கிறோம். காரைக்குடியார் லித்தியம் பாட்டரி செய்யும் முறையைக் கண்டு 2018-ல் ஒரு தனியார் கம்பெனியுடன் ஒப்பந்தமும் செய்தார்கள். அதே வருஷம் ராக்கெட் இலாகாவும் தன் செல் முறையை ஒரு கோடி ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தது. அறிவு இருந்தது, அதைத் தொழிற்சாலையாக்கும் கவலைதான் சர்க்காருக்கு இல்லை.

ஆதலால் மானியப் பணத்தில் ஒரு பங்கு காரைக்குடிக்கும், 2013 முதல் சர்க்கார் வசமிருக்கும் நமது அண்ணாமலை சர்வகலாசாலைக்கும், இந்த ஜில்லாவின் ஐ.டி.ஐ.களுக்கும் வரவேண்டும் என்கிறோம். தெருவோரத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்யும் பையனுக்கு செல்லைப் பிரிக்கவும் சேர்க்கவும் சம்பளத்தோடு கற்றுக் கொடுக்க வேண்டும். மானியம் வாங்கும் முதலாளியிடம், இவ்வருஷம் எத்தனை செல்லை இந்நாட்டிலேயே செய்தாய் என்று கணக்குக் கேட்க வேண்டும். கணக்குக் காட்டாதவனுக்குக் காசு கொடுக்கக் கூடாது.