உறுதி சுத்தம், சுவர்?

டொரொன்டோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், ஓய்வுக்காலத்தைக் கழிக்க லக்கலப் பக்கம் ஒரு வீடு வாங்க எண்ணினார். இறத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலையைக் கடந்து இலுக்கும்புர வழியாகப் பல்லேகமவுக்கு இறங்கும் பாதையோரம் அவ்வீடு. "நீர் ஒருக்கால் போய்ப் பார்த்துச் சொல்லும்" என்றார். போனேன்.

உறுதி சுத்தம். நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், வரி நிலுவை இல்லையென்ற கடிதம் யாவும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் வீட்டின் பின்புறம், மலையைச் செங்குத்தாக வெட்டிய மண்மேடு. அதை ஒட்டிய அறையின் சுவரில் குறுக்காக ஓடிய வெடிப்பின்மேல் புதுச் சுண்ணாம்பு. அதைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு சொல் இல்லை. நொத்தாரிசிடம் கேட்டேன். "நான் பார்ப்பது காணியின் உரித்தை, சுவரை அல்ல" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை.

வீடு கட்ட அனுமதி பெறவேண்டும், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும் என்பது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு. மாத்தளை உள்ளிட்ட மலைச்சரிவு அபாய மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையையும் பெறவேண்டும். நல்லது. ஆனால் இவையெல்லாம் வீடு பிறக்கும்போது நடக்கும் சடங்குகள். முப்பது ஆண்டு கழித்து அது கைமாறும்போது எட்டிப்பார்ப்பார் எவருமில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோவில் சில சிறு நகரங்களில், விற்குமுன் நகரசபையே வீட்டைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிடும். திருத்தும் பொறுப்பை விற்பவரோ வாங்குபவரோ ஏற்கவேண்டும். இங்கும் அப்படியே கொண்டுவரலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. நோய்க்கும் மகளின் கலியாணத்துக்கும் வீடு விற்கும் ஏழை, கூரையைத் திருத்தப் பணத்துக்கு எங்கே போவான்? சோதிக்க வருபவரின் கை நீளாது என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஆகவே குறைந்தபட்சம் ஒன்றைக் கேட்கிறேன்: மலைமாவட்டங்களில் கைமாற்றத்தின்போது, அந்தக் காணி மலைச்சரிவு அபாய வலயத்தில் உள்ளதா என்ற குறிப்பு உறுதியோடு கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். விலை பேசுமுன் வாங்குபவர் அதைப் படிக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் பிளந்துபோட்ட பின்னரும் இதற்குத் தயங்குவது நியாயமில்லை.

இதுவும் போதாது. விற்பனையின்போது மட்டும் சோதிக்கும் சட்டம், விற்கக்கூடிய வீட்டுக்கே உதவும். தோட்டத்து லயன் அறையை எவரும் விற்பதில்லை. குடியிருப்பவருக்கு உறுதியே கிடையாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியபோது லயன்களில் மக்கள் இருந்தார்கள். ஆபத்து தெரிந்திருந்தது, அவர்களை வேறிடத்தில் குடியேற்றும் கடமையை எவரும் நிறைவேற்றவில்லை. அந்தக் கடமை யாருடையது, எத்தனை நாளுக்குள் என்பதைச் சட்டத்தில் எழுதவேண்டும்.

நண்பரிடம் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விலையைக் குறைத்திருக்கிறார்களாம், நேற்றும் எழுதியிருக்கிறார்.