சிங்க் நின்றால் முதலில் நகல்

திருவள்ளூர் மாவட்டத்தின் கே.ஜி.கண்டிகை போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் பல குடும்பங்களின் ஆவணங்கள் இருக்கும். பிள்ளைகளின் மார்க்‌ஷீட் ஸ்கேன், பட்டா நகல், விசைத்தறிக் கூலிக் கணக்கு, தமிழிலும் தெலுங்கிலும் அடிக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அதில்தான். இவற்றைக் காப்பாற்றக் கடைக்காரர்கள் நம்பியிருப்பது கூகுள் டிரைவையோ ஒன்டிரைவையோதான். நம்புவதில் தவறில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை இணையத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வைக்கும் 'சிங்க்' நின்றுபோன அன்று பலரும் செய்யும் முதல் காரியம் கணக்கிலிருந்து வெளியேறுவது, அல்லது சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது. விவரம் தெரிந்தவருக்கு போன் போட்டாலும் இதே யோசனைதான் வருகிறது. இந்தப் பழக்கம் ஆபத்தானது, மாற வேண்டும்.

2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் கூகுள் டிரைவின் 84-ஆம் பதிப்பை வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. தென்கொரியாவில் ஒருவருடைய டிரைவ் அந்த ஆண்டு மே மாதத்தில் இருந்த நிலைக்கே போய்விட்டது. கூகுள் அப்போது சொன்னது இதுதான்: கணக்கைத் துண்டிக்காதீர்கள், டிரைவ் தன் உபயோகத்துக்காகக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள், இடமிருந்தால் அதை நகல் எடுத்து வையுங்கள். இணையத்துக்கு ஏறாத மாற்றங்கள் அந்த ஃபோல்டரில் மட்டும் இருக்கலாம் என்பதுதான் காரணம். அடுத்த மாதம் மீட்பு வசதியோடு புதிய பதிப்பு வந்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் துடைத்தவருக்கு அது எதை மீட்டுத் தர முடியும்?

ஆகவே சிங்க் நின்றதும் முதல் வேலை, கூகுள் டிரைவென்றால் அந்த ஃபோல்டரை, ஒன்டிரைவென்றால் ஒன்டிரைவ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுப்பது. எடுக்கும்போது கோப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்டிரைவில் நீல மேகம் தெரிந்தால் அந்தக் கோப்பு இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது. நெட் இல்லாதபோது அதை நகல் எடுக்க முடியாது. பச்சை டிக் இருந்தால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. வட்ட வடிவ அம்புக்குறி மாறாமலே இருந்தால், உங்கள் கடைசி மாற்றம் இன்னும் மேலே போகாமல் இருக்கலாம். கைதவறிப் போவது இந்த மூன்றாவது வகைதான்.

நகல் கையில் வந்த பிறகு காரணத்தைத் தேடலாம். மிகச் சாதாரணமான காரணம் இடப் பற்றாக்குறை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் பொது. கல்யாண வீடியோ ஒன்றிரண்டு ஏறினால் போதும், சிங்க் நிற்பதோடு மெயில் வருவதும் நின்றுவிடும். இன்னொரு காரணத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை: கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் தேதியைச் சரிபார்த்துத்தான் திறக்கும். தேதி தப்பானால் சிங்க் மறுத்துவிடும், பழி நெட்காரர் மேல் விழும். சின்ன பேட்டரி ஒன்றை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் சங்கடம் இது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே தனியாக ஒரு தொல்லை உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பிரித்து வைத்தன. விண்டோஸ் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். இதனால் 'கொள்முதல்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் வந்து நிற்கலாம். டூப்ளிகேட் என்று நினைத்து ஒன்றை அழித்தால், அழிந்தது புதிய கணக்காக இருக்கலாம். இரண்டையும் திறந்து பார்த்து, சரியானதற்குப் புதிதாகப் பெயர் தட்டச்சு செய்வதே வழி. தமிழ்ப் பெயரே வேண்டாம், ஆங்கிலத்தில் வையுங்கள் என்று சொல்லித்தருவதை ஏற்க முடியாது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாகப் பாவிக்க யூனிகோடிலேயே விதி இருக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டியது சாஃப்ட்வேர் செய்பவர்களின் கடமை.

நிறுவனங்களைக் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 2024-இல் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றியபோது, அனுமதி கேட்காமலே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் போனதாகப் புகார்கள் எழுந்தன. இலவச இடமோ 5 ஜிபிதான். அது நிறைந்து, பயனர் அந்த வசதியை நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்து நெஞ்சு பதறும். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அது அவருக்குத் தெரியாது. ஒருவருடைய கோப்பை அவரைக் கேட்காமல் இடம் மாற்றுவதை வசதி என்று சொல்லக் கூடாது.

எல்லாம் சரியாக ஓடினாலும் சிங்க் மட்டும் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக் கூடையில் 30 நாள்தான் அவகாசம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' என்ற அரசுச் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு, வேறெங்கும் நகல் இல்லாததால் அழிந்துபோயிற்று. வாரம் ஒருமுறை மட்டும் இணைத்து நகல் எடுத்துக் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு கடையிலும் வேண்டும்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. இனி தரும் ஒவ்வொரு லேப்டாப்போடும் இந்த எச்சரிக்கைகளைச் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அரசு வைத்துத் தர வேண்டும். கணக்கைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தும்போது, மேலே போகாத கோப்புகளைப் பெயர் பெயராகத் தமிழில் காட்டிவிட்டுத்தான் நிறுவனங்கள் வெளியே விட வேண்டும்.