ஓர் ‘எ’ படுத்தும் பாடு

அருப்புக்கோட்டையில் எந்தப் பலசரக்குக் கடையிலும் போய் நின்று பாருங்கள். முட்டை கேட்டால், ‘எத்தனை?’ என்பார் அண்ணாச்சி. சீனி கேட்டால், ‘எவ்வளவு?’ என்பார். மறந்தும் மாற்றிக் கேட்க மாட்டார். இங்கிலீஷ் படிக்காமலே அவருக்கு மெனி, மச் இரண்டும் அத்துப்படி! எண்ணுவது மெனி, அளப்பது மச். அவ்வளவுதான் ஸார்.

நம் பெரியவர்களே அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நாலாகப் பிரித்து வைத்தார்கள். முதலாவது மெனி, பாக்கி மூன்றும் மச் என்று நினைத்தால்... வெங்காயம் வந்து கண்ணைக் கசக்கும். நாம் நிறுத்து வாங்கினாலும் இங்கிலீஷில் அது மெனி ஆனியன்ஸ். பேங்க் கேஷியர் நாள் பூரா எண்ணினாலும் பணம் மட்டும் மச் மணி! எண்ணுவது ரூபாயை; பணத்தை அல்ல என்கிறான் வெள்ளைக்காரன்.

ஆகவே தராசை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். பன்மைக்கு ‘எஸ்’ ஒட்டுகிற சொல்லுக்கு மெனி, ஃப்யூ. பன்மையே ஆகாத சொல்லுக்கு மச், லிட்டில். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் நாலும் வாலில்லாத ஜென்மங்கள். வேலைக்கு மனுப் போடும்போது வால் ஒட்டிவிடாதீர்கள்.

வெள்ளைக்காரனும் சறுக்குவான். ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று கடையில் போர்டு வைத்தான். எண்ணுகிற சாமானுக்கு ‘ஃப்யூவர்’ அல்லவா வேண்டும் என்று பண்டிதர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2008-ல் டெஸ்கோ கடைக்காரர்கள் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றி, வம்பே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

அங்கே போர்டோடு போச்சு. நம்ம பக்கம் விளைச்சலே போகும்!

‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் உண்டு. ‘எ’ இல்லாத வெறும் ‘லிட்டில்’ என்றால் இருந்தும் இல்லாத கதை. தமிழில் இந்த வேலையை ‘தான்’ பார்க்கிறது. திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில், ‘கொஞ்சம் பெய்ஞ்சிருக்கு’ என்றால் சம்சாரி விதைப்பெட்டியைத் தேடுவார். ‘கொஞ்சம்தான் பெய்ஞ்சிருக்கு’ என்றால் வானத்தைப் பார்ப்பார்.

மழை பொய்த்த வருஷம், பயிர் இன்ஷூரன்ஸுக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுதச் சொல்லி, ஆபீஸ் போகிற பிள்ளை என்று சித்தப்பா உங்களிடம்தான் வருவார். நீங்கள் பாட்டுக்கு ‘கண்மாயில் எ லிட்டில் வாட்டர்’ என்று எழுதி வைத்தால், படிக்கிறவர் என்ன நினைப்பார்? ‘தண்ணிதான் கிடக்கே, அப்புறமென்ன?’ என்றுதானே! அங்கே ‘எ’யைக் கழற்றுங்கள்.

அதே கையோடு உங்கள் வேலை மனுவில் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று இருந்தால், உடனே ஓர் ‘எ’ போடுங்கள். இல்லாவிட்டால், ‘எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

சித்தப்பா மனுவில் கழற்றிய ‘எ’ சும்மாதானே கிடக்கிறது? எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்!