போட்டியாளரின் பெயரை கூகுளில் 'வாங்கலாமா'? கீவேர்டு சண்டையில் நீதிமன்றங்கள் சொன்னது என்ன

பெங்களூருவிலிருந்து குருகிராமுக்கு வீடு மாறுகிறீர்கள். நண்பர் ஒருவர் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியின் பெயரைச் சொல்ல, அதை அப்படியே கூகுளில் டைப் செய்கிறீர்கள். முதலில் வந்து நிற்பது வேறொரு கம்பெனி. 'ஸ்பான்ஸர்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவசரத்தில் அதைத்தான் தட்டுவோம்.

இது தற்செயல் இல்லை. 'இந்தப் பெயரை யாராவது தேடினா என் விளம்பரத்தைக் காட்டு' என்று அந்தக் கம்பெனி காசு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்க சொந்தமா தொழில் நடத்துறவரா இருந்தாலும் சரி, ஆபீஸில் மார்க்கெட்டிங் பட்ஜெட் உங்க கையில் இருந்தாலும் சரி, ரெண்டு கேள்வி வரும். இதையே நாமும் செய்யலாமா? நம்ம பெயரை வைத்து மற்றவர்கள் செய்தால் தடுக்க முடியுமா?

முதலில் விதிமுறை. ஒவ்வொரு தேடலின்போதும் கூகுளுக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் சொன்னவர் மட்டுமே ஜெயிப்பார் என்றில்லை. விளம்பரமும், தட்டினால் போய் இறங்கும் பக்கமும் தேடிய சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதும் கணக்கில் சேரும். டிரேட்மார்க் விஷயத்தில் கூகுளின் கொள்கை இதுதான்: இன்னொருவரின் டிரேட்மார்க்கைக் கீவேர்டாக வைக்கத் தடை இல்லை. விளம்பர வாசகத்துக்குள் அந்தப் பெயரைப் போட்டு, அதன் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் கட்டுப்பாடு வரும்.

டெல்லியில் என்ன நடந்தது?

அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரில் தொழில் செய்யும் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ், தங்கள் பெயரைத் தேடுபவர்களைப் போட்டியாளர்கள் விளம்பரம் மூலம் இழுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. அதில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி கிடைத்தது என்று சொல்லலாம்.

டிரேட்மார்க்கைக் கீவேர்டாக வைப்பதும், 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி, விளம்பரத்தில் அதைப் 'பயன்படுத்துவது'தான் என்றது அமர்வு. கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் இருக்கிறதே என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் பயன்படுத்தினாலே சட்டமீறல் ஆகிவிடாது. தேடுபவர் குழம்ப வேண்டும், அல்லது அந்தப் பெயரின் மதிப்புக்குச் சேதமோ அதிலிருந்து நியாயமற்ற ஆதாயமோ இருக்க வேண்டும். கூகுளுக்கும் ஒரு குட்டு: கீவேர்டு விற்பதில் அது வெறும் தபால்காரர் இல்லை, தீவிரப் பங்கேற்பாளர். சட்டமீறல் நடந்திருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்புக்குள் அது ஒளிந்துகொள்ள முடியாது.

அடுத்து மேக்மைடிரிப் வழக்கு. தன் பெயரை புக்கிங் டாட் காம் கீவேர்டாக வைப்பதை எதிர்த்து அது 2022-ல் தனி நீதிபதியிடம் தடை வாங்கியது. 2023 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. புக்கிங் டாட் காம் பரவலாகத் தெரிந்த தளம், அதன் விளம்பரத்தைப் பார்த்து மேக்மைடிரிப் என்று யாரும் குழம்ப மாட்டார்கள் என்பது அமர்வின் பார்வை.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். இந்த அளவுகோல்படி, விளம்பரம் கொடுப்பவர் எவ்வளவு பிரபலமோ, குழப்பம் இல்லை என்று நிரூபிப்பது அவருக்கு அவ்வளவு சுலபம். பெரிய பிராண்டு ஒன்று ஒரு சின்னக் கம்பெனியின் பெயரில் ஏலம் கேட்டால், 'எங்களைத்தான் எல்லாருக்கும் தெரியுமே' என்று சொல்லிவிடலாம். சின்னவர் தன் பெயரைத் தேடி வரும் வாடிக்கையாளரைத் தக்கவைக்க, தன் பெயருக்கே தானும் காசு கட்ட வேண்டியிருக்கும். சொந்த வீட்டுக்கு வாடகை மாதிரி.

சென்னை வழக்கு சொல்லும் பாடம் வேறு

டெல்லிக்கு ரொம்ப முன்னாடியே சென்னையில் இந்தச் சண்டை நடந்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்தும் கன்சிம் இன்ஃபோ (இப்போது மேட்ரிமோனி டாட் காம்), கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். முக்கியக் காரணம், பெயர்களே. 'தமிழ்', 'மேட்ரிமோனி' இரண்டுமே பொதுச் சொற்கள். வரன் பார்க்கும் தளம் நடத்துகிற எவரும் தன் தொழிலைச் சொல்ல அவற்றைப் பயன்படுத்தியாக வேண்டும்.

அதே நிறுவனத்தின் புகாரும் சேர்ந்த வழக்கில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதைப் பார்த்து கீவேர்டு விற்பனைக்கான தண்டனை என்று நினைக்காதீர்கள். தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளுக்கு முன்னுரிமை தந்தது உள்ளிட்ட வேறு காரணங்களுக்கான அபராதம் அது.

ஆக, தொழிலுக்கு இனிமேல்தான் பெயர் வைக்கப் போறீங்கன்னா யோசியுங்க. 'சென்னை ஹோம் கிளீனிங்' என்று வைத்தால், தேடுபவர் டைப் செய்யும் சொல் அப்படியே உங்கள் பெயராக இருக்கும், சந்தோஷம். ஆனால் அதே சொல்லுக்கு ஊரில் உள்ள எல்லா கிளீனிங் கம்பெனியும் ஏலம் கேட்கலாம். நீங்கள் சொந்தம் கொண்டாடுவது கஷ்டம். தனித்துவமான பெயர் என்றால் டிரேட்மார்க் பதிவு செய்துவிடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

சரி, போட்டியாளர் பெயரை வைக்கலாமா?

சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆனா பெரும்பாலும் அது நல்ல முதலீடு இல்லை. ஒரு கம்பெனியின் பெயரைத் தேடுபவர்களில் பலர் ஏற்கனவே அதன் வாடிக்கையாளர்கள். கஸ்டமர் கேர் நம்பர், லாகின், 'என் பார்சல் எங்கே' என்று தேடுபவர்கள். அவர்கள் தெரியாமல் உங்கள் விளம்பரத்தைத் தட்டினாலும் காசு உங்களுடையது. ஒரு க்ளிக்குக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 பேர் தட்டினாலே 4,000 ரூபாய். அதில் எத்தனை பேர் வீடு மாறப் போகிறவர்கள்?

அதைவிட, தேவையைச் சொல்லும் நீளமான தேடல்கள் மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும். 'ரிலோகேஷன் சொல்யூஷன்ஸ்' என்பது கம்பெனியின் பிரசன்டேஷனில் வரும் வார்த்தை. மக்கள் தேடுவது '2 பிஹெச்கே ஷிஃப்டிங் பெங்களூரு டு சென்னை எவ்வளவு ஆகும்', 'பைக் மட்டும் டிரெயினில் அனுப்ப'. இந்தச் சொற்களைப் பிடிக்க கூகுளின் கீவேர்டு பிளானர் உதவும். உங்கள் தளத்துக்கு எந்தத் தேடலில் ஆள் வருகிறது என்று சர்ச் கன்சோல் காட்டும். ரெண்டையும்விட நல்ல இடம் உங்கள் பிசினஸ் வாட்ஸ்அப். வாடிக்கையாளர் முதல் மெசேஜில் எப்படிக் கேட்கிறாரோ, பெரும்பாலும் அதே மாதிரிதான் தேடியிருப்பார். அந்தக் கேள்விகளுக்கு உங்கள் தளத்தில் நேரடியான பதில் பக்கம் இருக்கட்டும். பக்கத்தின் கோடுக்குள் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்று 50 சொற்களை அடுக்கித் தருகிறேன் என யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ரேங்கிங்குக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல், நீங்கள் தேர்வே செய்யாமல் மாட்டிக்கொள்வது. கூகுள் ஆட்ஸில் கீவேர்டு சேர்த்தால் வழக்கமாக அது 'பிராட் மேட்ச்' ஆகத்தான் போகும். அதாவது தொடர்புள்ள தேடல்களுக்கும் உங்கள் விளம்பரத்தைக் காட்டலாம். அதில் போட்டியாளரின் பெயரும் வரலாம். ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். இதைவிட ஆபத்து, கீவேர்டைத் தானாக விளம்பரத் தலைப்பில் நுழைக்கும் வசதி. போட்டியாளர் பெயரைக் கீவேர்டாக வைத்துவிட்டு இதையும் போட்டுவிட்டால், அவர் பெயர் உங்கள் விளம்பரத்தின் தலைப்பிலேயே வந்து நிற்கும். நீதிமன்றம் தேடும் 'குழப்பம்' அதுதான்.

தடுக்கும் வழி கணக்கிலேயே இருக்கிறது. எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் விளம்பரம் போனது என்று காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' ரிப்போர்ட்டை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டாத பெயர்களையும், 'லாகின்', 'கஸ்டமர் கேர்', 'வேலைவாய்ப்பு' போன்ற சொற்களையும் நெகட்டிவ் கீவேர்டாகச் சேருங்கள். ஏஜென்சியிடம் வேலையைக் கொடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் வந்தால், முதலில் வரப்போவது உங்கள் கம்பெனியின் பெயருக்குத்தான்.